கோழிக்கு ஐந்து நாள், அப்பாவுக்கு இரண்டு நாள்

இங்கே மருந்துக் கடையில் கத்தரிக்கோல் கிடையாது. ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் இதைக் கவனித்தேன், ஏனென்றால் அதுவரை எனக்குக் காய்ச்சலே வரவில்லை. போன நவம்பரில் வந்தது. எச்சில் விழுங்கினால் தொண்டையில் ஜல்லி இறங்குகிற மாதிரி வலி, கண்ணெல்லாம் எரிச்சல், ரெண்டு நாளில் லேபில் ஒரு டெமோ வேறு. நான் இருக்கிற மாக்டெபுர்க்கில் டிராம் ஸ்டாப்புக்கு ஒரு அப்போதேக்கே உண்டு. பெயர்தான் மருந்துக் கடை, உள்ளே நகைக் கடை மாதிரி அமைதி. வெள்ளைக் கோட்டு போட்டிருந்த அம்மாவிடம் என் அரைகுறை ஜெர்மனில், "அசித்ரோமைசின் ஐந்நூறு, மூன்று மாத்திரை போதும்" என்று சொல்லி, மூன்று விரலையும் காட்டினேன். அவர் விரலையே பார்த்தார். "ரெட்செப்ட் இருக்கிறதா?" டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு இங்கே அதுதான் பெயர். "இல்லை. ஆனால் எனக்குத் தெரியும், தொண்டைக்கு இதுதான்." "அப்படியா, நீங்கள் டாக்டரா?" நக்கல் பண்ணுகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. டாக்டர்கள் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாமாம். மூன்று மாத்திரையை மட்டும் வெட்டித் தாருங்கள் என்பது அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. முழு டப்பா இருக்கும்போது எதற்கு வெட்ட வேண்டும் என்கிறார். கையில் ஒரு மூலிகை மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்து, டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பிவிட்டார். நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலுக்கு மிட்டாய்!

நாமக்கல் பக்கம் எங்கள் ஊர் முக்கில் இருக்கிற மெடிக்கலில் இந்த நாடகமெல்லாம் இல்லை. வண்டியை ஆஃப் பண்ணக்கூட வேண்டாம். "ஏஞ்சாமி, தொண்ட கட்டிப்போச்சா? ஐஸ்கிரீம் தின்னியா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்கார அண்ணன் மாத்திரை அட்டையை நறுக்கென்று வெட்டி, காகிதக் கவரில் போட்டு, "காலைல ஒன்னு, பொழுதோட ஒன்னு" என்று நீட்டிவிடுவார். மருந்தின் பெயரை நான் கேட்டதில்லை, அசித்ரோமைசின் என்பதே இங்கே ஃப்ளாட்டுத் தோழிகள் சொல்லித்தான் தெரியும். பெருசு, சின்னது, மஞ்சள், வெள்ளை, இந்த நான்கு வார்த்தையில் எங்கள் வைத்தியம் முடிந்துவிடும். அந்த வேகத்தைப் பற்றி இங்கே ஃப்ளாட்டில் பீற்றிக்கொள்ளும் கோஷ்டிக்கு நான்தான் தலைவி. எங்கள் பக்கமிருந்து வருகிற எல்லார் சூட்கேசிலும் பருப்புப் பொடிக்குக் கீழே ஒரு மாத்திரைப் பை இருக்கும். "அமாக்சி நாலு குடுடி, ரெண்டு புளியோதரை பாக்கெட் தர்றேன்" என்று பண்டமாற்று நடக்கும். என் பையை, லீவு முடிந்து கிளம்பும்போது அம்மா கட்டியது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், உள்ளே அட்டை அட்டையாக, எது எதற்கு என்றுதான் எனக்குத் தெரியாது.

மறுநாள் அந்தப் பையோடுதான் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்டிடம் போனேன். ஏரியாவுக்கு ஒரு குடும்ப டாக்டர், முதலில் அவரைப் பார்த்தால்தான் எதுவும் நடக்கும். ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டாக்டருக்கு அறுபது வயசு இருக்கும். தொண்டையில் லைட் அடித்தார், கழுத்தைத் தடவினார், மூக்கில் குச்சியை விட்டு டெஸ்ட் எடுத்தார். பிறகு, "வைரஸ். நிறைய டீ குடியுங்கள்" என்றார். நான் தினமும் நாலு தடவை குடிக்கிறேன் என்றேன். பால் டீயா என்று கேட்டு, முகத்தைச் சுளித்து, மூலிகை டீ என்று திருத்தினார். ஆண்டிபயாடிக் வேண்டும் என்றேன். ஆண்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது, வயிற்றில் இருக்கிற நல்ல கிருமியை வேண்டுமானால் காலி பண்ணும் என்றார். கறுப்புத் தோலைப் பார்த்ததும் மருந்து கொடுக்க மனசு வரவில்லை போல என்று எனக்குள் கொதித்தது. வந்த கோபத்தில் பையை எடுத்து அவர் மேஜையில் கொட்டினேன். "நீங்கள் தர வேண்டாம். என்னிடமே இருக்கிறது. இதில் எது என்று மட்டும் சொல்லுங்கள்."

அவர் ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் ஆண்டிபயாடிக், மூன்று வகை. மூன்றிலும் பாதிக் குழிகள் காலி. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மீதிப் பாதியைச் சாப்பிட்டது யார்?" எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் கடையிலேயே வெட்டித்தான் தருவார்கள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாக ஒரு அட்டையை என் பக்கம் திருப்பினார். அது வெட்டின அட்டை இல்லை, முழு அட்டை. பத்துக் குழி. நான்கில் பின்பக்கத் தகடு கிழிந்திருந்தது, யாரோ கட்டை விரலால் அமுக்கி எடுத்திருக்கிறார்கள். "யாரோ சிகிச்சையை ஆரம்பித்திருக்கிறார்கள், முடிக்கவில்லை. மூன்று தடவை. அவர் இப்போது எப்படி இருக்கிறார்?" நான் அட்டைகளைத் திரும்பப் பைக்குள் அள்ளிப் போட்டேன். கிளம்பும்போது "குட்டே பெஸருங்" என்றார். ஏதோ நல்ல வார்த்தை என்று, "நன்றி, உங்களுக்கும் அதேதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உடம்பு சீக்கிரம் குணமாகட்டும் என்று அதற்கு அர்த்தமாம். நல்லா இருக்கிற மனுஷனுக்கு அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த நேரத்தில் அதற்கு வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை.

டிராம் ஸ்டாப்பிலிருந்தே வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு நான் கேட்டது பெரிய விஷயமாகவே படவில்லை.

"அதா? அப்பாவுக்கு வாங்குனதுதான் சாமி. ரெண்டு நாள்ல வலி நின்னுபோச்சுன்னு வெச்சுட்டாரு. நல்ல மாத்திர, வீணாப் போவுதேன்னு உனக்குக் கட்டுனேன்."

"எதுக்கும்மா வாங்குனீங்க? அப்பாவுக்கு என்ன?"

"காலுல கம்பி குத்திருச்சு. அது கெடக்குது உடு, உனக்குக் காச்ச எப்படி இருக்குது?"

"எப்பக் குத்துச்சு?"

"போன வருசமே. நீ லீவுக்கு வந்துட்டுப் போனியே, அதுக்கு ரொம்ப முன்னாடி. ஆறும், திரும்ப வரும். ஆறும், திரும்ப வரும்."

அப்பாவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். செட் என்கிற கோழிக் கொட்டகைக்குள் கூண்டுக் கம்பி குத்துவது சாதாரணம், ஆனால் சர்க்கரைக் காலில் குத்தினால் அது சாதாரணம் இல்லை. நான் லீவில் இருந்த மூன்று வாரமும் அவர் வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டிருந்தார். பாதத்தில் எரிச்சல் என்றார், நானும் நம்பினேன். இத்தனைக்கும் நான் பி.இ. படித்தவள், ஜெர்மனியில் சென்சார் வைத்து மெஷினுக்கு வருகிற கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற வேலையில் தீசிஸ் பண்ணுகிறேன். அப்பாவின் சாக்ஸைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

அப்பாவை வீடியோவில் வரச் சொன்னேன். வந்தார். முகத்தை மட்டும் காட்டினார்.

"அப்பா, கால மேல தூக்கிக் காட்டுங்க."

"நீ என்ன டாக்டரா?"

ஒரே வாரத்தில் ரெண்டு நாட்டில் ரெண்டு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். "டாக்டர் இல்லீங்ப்பா. காட்டுங்க."

"செட்டுல வேல கெடக்குது அம்மிணி. ஞாயித்துக்கெழம பேசலாம்." கட் பண்ணிவிட்டார். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற மகளுக்கு இருக்கிற அதிகாரம் அவ்வளவுதான், ஒரு விரல் சிவப்புப் பட்டனை அமுக்கினால் தீர்ந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் வண்டிச் சாவியைப் பிடுங்கியிருப்பேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியிருப்பேன். இங்கே என்ன செய்ய? டிராம் ஸ்டாப்பில் நின்று தமிழில் திட்டினேன். பக்கத்தில் நாயோடு நின்ற கிழவர் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்கு அன்றைக்கு ஏறின கோபத்துக்குக் காரணம் அந்த ரெண்டு நாள் கணக்கு. இதே அப்பாவைப் பண்ணையில் பார்க்க வேண்டும். செட்டில் கோழிக்குச் சளி பிடித்துவிட்டால், கோழி டாக்டர் வந்து எழுதிக் கொடுக்கிற மருந்தை ஐந்து நாளைக்குத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பார். ப்ளஸ் டூ லீவில் அவருக்கு எடுபிடி நான்தான். எத்தனை கோழி, என்ன எடை, எத்தனை கிராம் பவுடர் என்று சிட்டிகை பிசகாது. மூன்றாம் நாளே கோழியெல்லாம் தெளிந்து தீனி எடுக்க ஆரம்பித்துவிடும். நான் ஒரு தடவை, "அதான் நல்லாயிருச்சேப்பா, இன்னிக்கி நிறுத்திரலாமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நல்லா இருக்கறது கோழி. உள்ளுக்குள்ள இருக்கற கெருமி செத்துப்போச்சுன்னு உங்கிட்ட வந்து சொல்லுச்சா? பாதில உட்டா, மிஞ்சுனது பூராங் கெட்டியா நின்னுக்கும். அப்புறமேட்டுக்கு அதே மருந்தக் கொட்டுனாலும் கேக்காது." பக்கத்துப் பண்ணையில் மூன்றாம் நாள் தொட்டியைக் கழுவிவிட்டார்கள் என்பதற்காக அந்த ஆளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்த மனுஷன் இவர். ஐந்தாயிரம் கோழிக்குத் தெரிந்த நியாயம் தன் ஒரு காலுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் திரும்பக் கூப்பிட்டு இதையேதான் கேட்டேன். அழுதுகொண்டு இல்லை, நன்றாகக் கத்தித்தான்.

"கோழிக்கு மூணாம் நாள் நிறுத்துவீங்களா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? கோழி செத்தா மொதலாளி கேப்பாரு, நீங்க செத்தா யாரு கேக்கறது?"

பதிலுக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. "வாய்க்கு வந்தபடி பேசாத அம்மிணி." பிறகு, மெதுவாக, "நாளைக்கிச் சேலம் கூட்டிட்டுப் போறேன்."

சேலம் அஸ்தம்பட்டியில் சர்க்கரைக் கால் பார்க்கிற ஒரு டாக்டரம்மா. அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டார், அதனால் நானும் அங்கேதான் இருந்தேன்.

"இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"வெள்ள மாத்திரைங்க."

"எந்த வெள்ளை?"

"பெருசுங்க."

"பேரு என்னங்க ஐயா?"

"மெடிக்கல்ல குடுத்தாங்க, கவர்ல போட்டு."

"சீட்டு? காலி அட்டை? ஏதாச்சும் இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்திருப்பார். அதாவது, ஃபோனை. அப்பாவின் ஒரு வருஷத்துச் சிகிச்சை முழுக்க மாக்டெபுர்க்கில் என் கட்டில் மேல் கிடந்தது. மூன்று அட்டையையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்து, ஒவ்வொன்றையும் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ரெண்டாவது வயிற்றைக் கலக்கியது, மூன்றாவதில் வலி நின்றுவிட்டது. முதல் அட்டையை அப்பா தாண்டிப் போகப் பார்த்தார். அம்மாதான் சொன்னார்: "அதத் தின்னப்ப ஒடம்பெல்லாந் தடிச்சு அரிச்சுதுங்க. ஆருகிட்டயுஞ் சொல்ல வேண்டாம்னுட்டாரு."

அந்த அட்டை அமாக்சிசிலின், பெனிசிலின் குடும்பம். டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. "நல்லவேளை ஃபோட்டோ வந்துச்சு. நான் மொதல்ல அதையேதான் எழுதியிருப்பேன். அடுத்த தடவை அரிப்போட நிக்காம மூச்சே அடைச்சிருக்கலாம்." இது அலர்ஜிதானா என்று பிறகு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம், அதுவரை பெனிசிலின் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னார். புண்ணிலிருந்து சீழ் எடுத்து எந்த மருந்துக்குக் கிருமி கேட்கிறது என்று பார்க்க அனுப்பினார். கால் விரல் கறுத்து வருகிறது, எலும்புக்கு இன்னும் போகவில்லை, எழுதுகிற மருந்து கேட்டால் விரல் தப்பும், கேட்காவிட்டால் எடுக்க வேண்டி வரும் என்றார். பாதியில் விட்டதால்தான் இப்படி ஆனதா என்று நான் ஸ்பீக்கரிலிருந்து கேட்டேன். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நல்லது பண்ணல."

மூன்று நாள் கழித்து ரிசல்ட் வந்தது, அன்றைக்கும் நான் ஸ்பீக்கரில் இருந்தேன். என் பையில் இருந்த மற்ற ரெண்டு மருந்துக்கும் அந்தக் கிருமி அசையவில்லை. டாக்சிசைக்ளினுக்குக் கேட்டது. காலை ஒன்று, இரவு ஒன்று, பதினாலு நாள், கூடவே ஒன்று விட்டு ஒரு நாள் கட்டு. அப்பா அட்டையைத் திருப்பிப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்தப் பெயர் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"ஏனுங்கம்மா, இது நாங்க கோழிக்குப் போடறதுங்களே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஆமாங்க ஐயா, மருந்து ஒன்னுதான். ஆனா உங்க பண்ணைப் பவுடரத் தொட்டுறாதீங்க. மனுஷனுக்கு உள்ளது வேற, அளவும் வேற."

"பவுடரு வேண்டாங்க. ஆனா உப்புத் தண்ணில இது வேல செய்யாதுங்களே?" அப்பா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார் என்று அம்மா அப்புறம் சொன்னார். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதில் இந்த மருந்தை அப்படியே கலந்தால் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும், கோழிக்குப் போய்ச் சேராது. அதற்கென்று தண்ணீரில் எலுமிச்சை உப்புப் போடுவார்கள். டாக்டரம்மா இதைப் பிடித்துக்கொண்டார். பாலிலும் அதே சுண்ணாம்புச் சத்துதான், அதனால் மாத்திரையைப் பாலோடு போடாதீர்கள், நீங்கள் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ரோஸ் கலர் மருந்தும் சத்து மாத்திரையும் இதற்கு ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் என்றார். நான் ஒரு வருஷம் கத்தியிருந்தாலும் ஏறியிருக்காது, இது ஏறியது. சாப்பிட்ட பிறகு போடணும், ஒரு டம்ளர் முழுக்கத் தண்ணீர் குடிக்கணும், வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், அதனால் முழுக்கைச் சட்டை. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு ரெண்டாகப் போட்டு ஈடுகட்டக் கூடாது. வயிற்றுப் போக்கு நிற்காமல் போனாலோ, தடித்தாலோ உடனே கூப்பிடணும். அம்மா கேட்ட ஒரே சந்தேகம்: "மிச்சமிருந்தா எதுத்த ஊட்டுப் புள்ளைக்குக் குடுக்கலாங்களா? மாசமா இருக்குது, சளி." அதற்கு அம்மா வாங்கின திட்டை இங்கே எழுதவில்லை. கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் இந்த மாத்திரை ஆகவே ஆகாது. மிச்சமும் இருக்கக் கூடாது.

இப்போது சூட்கேஸ் கட்டிக்கொண்டிருக்கிற மக்களே, இதைப் படித்துவிட்டு டாக்சிசைக்ளின் நாலு அட்டை வாங்கி உள்ளே போட்டீர்கள் என்றால் நான் எழுதினது தண்டம். அது அப்பாவின் கிருமிக்கு, டெஸ்ட் எடுத்து, அப்பாவின் டாக்டர் எழுதியது. பருப்புப் பொடி கொண்டு வாருங்கள். என் தொண்டை, பை நிறைய ஆண்டிபயாடிக் பக்கத்தில் இருந்தும் எதையும் போடாமல், அந்தக் கண்றாவி மூலிகைத் தண்ணீரில் ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது. சொல்லவே எரிச்சலாக இருக்கிறது.

இந்த மாத்திரையில் இன்னொரு விதி உண்டு. போட்டவுடன் படுக்கக் கூடாது. தொண்டைக் குழாயில் நின்றுவிட்டால் புண்ணாக்கிவிடும், அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்பாவோ எட்டரைக்குச் சாப்பிட்டால் கை காய்வதற்குள் தூங்கிவிடுகிற ஆள். காலை மாத்திரை அம்மா பொறுப்பு, இரவு மாத்திரை என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அங்கே எட்டரை என்றால் இங்கே டிசம்பரில் சாயங்காலம் நாலு, வெளிச்சம் போகிற நேரம். தினமும் நாலு மணிக்கு லேபிலிருந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோ போடுவேன். அவர் பிளாஸ்டிக் சேரில். மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டி, தண்ணீர் குடித்து, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசினதே கிடையாது. முதல் ரெண்டு நாள் சண்டை போட்டோம். மூன்றாம் நாள் வலி விட்டுவிட்டது, நிறுத்திவிடலாமா என்று அவர் கண்ணில் தெரிந்தது. "தொட்டியக் கழுவ மாட்டேன், பயப்படாத" என்று அவரே முனகினார். பிறகு பனி விழுவதைக் காட்டச் சொன்னார். தீவனம், முட்டை, என் பேராசிரியரின் மொட்டை என்று எதையாவது பேசி அரை மணியை ஓட்டினோம். படியேறிப் போகிறவர்கள் என்னை விலகிப் போனார்கள்.

பதினாலாம் நாள் அட்டை காலி. விரல் தப்பிவிட்டது, நகம் போய்விட்டது. இனி மாதம் ஒரு தடவை காலைக் காட்ட வேண்டும், செருப்பில்லாமல் செட்டுக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. போவார், எனக்குத் தெரியும். யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் நாலு மணிக்கு என் கால் தானாக மாடிப்படிக்குப் போய்விட்டது. கூப்பிட்டேன். ஃபோன் எதன் மேலோ சாய்ந்து கிடந்தது, மேலே ஓடும் ஃபேன் மட்டும் தெரிந்தது.

"அப்பா?"

"படுத்துட்டேஞ் சாமி. இன்னிக்கி மாத்திர இல்லியே."

"ஆமால்ல. சரி, தூங்குங்க."

"நீ எங்க இருக்கறே?"

படியில் என்று சொன்னேனா என்பது நினைவில்லை. அதற்குள் குறட்டை வந்துவிட்டது. கட் பண்ண அவருக்கு மறந்திருந்தது, எனக்கு மனசு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே அவர் நன்றாகக் காலை நீட்டிப் படுத்திருப்பார். இங்கே அரை மணி நேரம் முடிகிற வரைக்கும் நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.